சுண்ணாம்புக்கு அடங்காத கோடு

— ஒரு மட்டை சுண்ணாம்புதான கேக்குறேன் மேஸ்திரி. இந்த ஒரு செவுத்துக்கு மட்டும் அடிச்சு விட்ருங்க, நான் பாட்டுக்குப் போயிர்றேன்.

— நல்லாக் கேட்டீக தாயி! ஆடி பொறந்ததுலருந்து இந்த ஆஸ்பத்திரிச் சுண்ணாம்பச் சுரண்டத்தான் எனக்குக் கூலி. சுரண்டுனவனையே திருப்பி அடிக்கச் சொல்றீக. மெட்ராஸ் இஞ்சினியரு கண்ணுல பட்டா அதோட இந்தச் சடையாண்டி சோலி முடிஞ்சுச்சு.

— அவரு எப்ப வருவாரு?

— வத்தலக்குண்டு வரைக்கும் போயிருக்காரு, பொழுது சாயுறதுக்குள்ள வந்துருவாரு. கேட்டீகளா, அவருக்கு இந்தக் கட்டடத்து மேல ஒரு கிறுக்கு. சுதந்திரம் வந்த கையோட தோல்ஷாப்பு மொதலாளி ஒருத்தரு பம்பாயிலருந்து ஆளக் கூட்டியாந்து கட்டுனதாம். தூணுல ஒரு பூ வேலை கெடையாது, வளைவு கெடையாது, கோபுரம் கெடையாது. வெறும் சிமிட்டியும் கண்ணாடியுந்தேன். காசநோய்க்காரனுக்கு வெயிலும் காத்தும்தான் மருந்துன்னு ஆளு உசரத்துக்கு ஜன்னலு. நம்ம சனம் ‘மொட்டை ஆஸ்பத்திரி’ன்னு பேரு வச்சுச்சு. அவரு என்னடான்னா இப்படி ஒண்ணு மதுரையிலகூட இல்லன்னு தடவித் தடவிப் பாக்குறாரு.

— பாக்கட்டும். அதுக்கு எஞ் செவுத்த ஏன் தோண்டணும்?

— மியூசியம் ஆக்கணும்னா மொதல்ல சிமிட்டி எப்படி இருந்துச்சோ அப்படியே தெரியணுமாம். பெறகு மாட்டுன கம்பியெல்லாம் பேக்கச் சொன்னாரு, பேத்தாச்சு. தகரக் கொட்டகையப் பிரிச்சாச்சு. இந்தச் சுண்ணாம்புதான் உசுர வாங்குது. அடுக்கடுக்கா வருது. ஆமா, நீங்க இப்ப ‘எஞ் செவுரு’ன்னா சொன்னீக?

— வாய்ல வந்துருச்சு.

— அம்புட்டுச் சுண்ணாம்பு ஏன்னு தெரியுமா தாயி? கட்டில்ல ஒரு உசுரு போனா, அந்தக் கட்டில் ஓரத்துச் செவுத்துக்கு அன்னைக்கே ஒரு பூச்சு. அதான் இங்க மொறை. அடுத்த ஆளு வந்து படுக்கையில செவுரு வெள்ளையா, ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். எங்க சின்னையாதான் அப்ப இங்க வெள்ளையடிச்சாரு. அடிச்சு அடிச்சு அவரையும் அந்த நோவு புடிச்சு, அந்தா அந்த மூலையில படுத்தாரு. அவருக்கு அடிக்க ஆளு இல்ல. நான்தான் வந்து அடிச்சேன். இப்ப நானே சுரண்டுறேன். ஒவ்வொரு பூச்சும் உரிஞ்சு விழுறப்ப, இது யாரோ, இது யாரோன்னு இருக்கு.

— எங்க வீட்டுக்காரரும் அதுல ஒரு பூச்சு மேஸ்திரி.

— என்ன சொல்றீக? மக கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆளு கேட்டுல்ல வந்ததாச் சொன்னீக, வாசல்ல?

— அது வண்டியில உக்காந்துருக்குற எம் மாமியாருக்குச் சொன்னது. எம் பேரு கமர்ஜஹான். இந்தச் செவுத்துல பென்சில்ல எழுதியிருக்கே, ‘ஜெகபர் அலி மகள் தாஹிரா’ன்னு. ஜெகபர் அலி எம் புருசன். தாஹிராவுக்குத்தான் வார பெறையில நிக்கா.

— பழனியாண்டவா!

— டீக்கடையில பேசிக்கிட்டாகளாம். மொட்டை ஆஸ்பத்திரிச் செவுத்துல யாரோ ஒரு நோயாளி தம் புள்ள உசரத்தக் கோடு கோடாப் போட்டு வச்சுருக்கான், பேரு ஜெகபர் அலின்னு. எங் கொழுந்தனாரு காதுல விழுந்து, வீட்டுக்கு வந்து மொகம் வெளிறிப் போயி உக்காந்துட்டாரு.

— நூர் அகமது பாயா ஒங்க கொழுந்தனாரு? அவருக்கு நான் கொட்டகை போட்டுக் குடுத்துருக்கேனே! அண்ணன் பினாங்குல கடை வச்சுருக்காரு, நல்ல யாபாரம்னு அவரு வாயாலயே சொன்னாரே?

— சொல்லத்தான் சொல்லுவாரு. ராவோட ராவா அண்ணன் மையத்த எடுத்து அடக்குனவரும் அவருதான்.

— அப்ப பினாங்கு?

— பினாங்கும் இல்ல, கடையும் இல்ல. எல்லாம் வாய்ச் சொல்லு. சொல்லப்போனா எம் புருசனே சொன்ன ரோசனைதான் அது. மொத மொதலா ரத்தம் கக்குன அன்னைக்கு என்னயக் கூப்புட்டு, ‘தங்கச்சிக கல்யாணத்துக்கு நிக்கிதுக. இந்த நோவு நம்ம வீட்டுக்குள்ள இருக்குன்னு தெரிஞ்சா எவன் வருவான்? நான் கடல் தாண்டிச் சபுரு போயிட்டதாச் சொல்லிருங்க’ன்னாரு. நம்ம சாதிசனத்துல சபுரு போனவக எத்தனையோ பேரு. யாரு கேக்கப் போறா? பெட்டி படுக்கையோட ரயிலடிக்குப் போனாரு. அங்கருந்து சுத்திக்கிட்டு இங்க வந்துட்டாரு.

— இங்கருந்து பாத்தா மலைக்கோட்டைக்கு இந்தப் பக்கம் ஒங்க தெரு தெரியுமே.

— தெரியும். எங்க வீட்டு மாடியில துணி காயப் போட்டா என்ன கலர் சேலைன்னு சொல்லுவாரு.

— ஐயோ.

— நாத்தனாமாரு ரெண்டு பேருக்கும் நல்லபடியா முடிஞ்சுச்சு. பெறகு சொல்லிரலாம்னு இருந்தோம், அதுக்குள்ள மவுத்தாயிட்டாரு. மாமிக்கு நெஞ்சு பலகீனம். அவுகளுக்கு இருக்குறது இந்த மூத்த மவன் நெனப்பு ஒண்ணுதான். சொன்னா அந்த நிமிசமே உசுரு போயிரும்னு கொழுந்தனாரு அழுதாரு. சரி, சொல்ல வேணாம்னு விட்டோம். விட்டது விட்டதாவே போச்சு.

— இம்புட்டு வருசமாவா?

— புருசன் செத்தா நாங்க இத்தா இருக்கணும் மேஸ்திரி. வீட்ட விட்டு வெளிய வராம, பூ இல்லாம நகைநட்டு இல்லாம, அவருக்காக ஒரு மூலையில ஒக்காந்து துஆக் கேட்டுக்கிட்டு. நான் ஒரு நாளு இருக்கல. மறுநாளு காலையில எந்திரிச்சு மாமிக்கு இட்டிலி அவிச்சேன். அவுக நிலக்கோட்டை மல்லியில ஒரு மொழம் வாங்கி, ‘புருசன் உசுரோட இருக்கறவ வெறுந்தலையா நிக்கப்படாதுடி’ன்னு எந் தலையில வச்சு விட்டாக. இந்தா, இன்னைக்கும் அவுக வச்சு விட்டதுதான். நெருப்ப வச்ச மாதிரி இருக்கும் எனக்கு. அழுகக்கூட முடியாது.

— நீங்கதான் மனுசி! எங்க வீட்டுப் பொம்பளைகளா இருந்தா ஊரக் கூட்டியிருக்கும்.

— பினாங்குலருந்து யாராச்சும் திரும்பி வந்தாகன்னு தெரிஞ்சா போதும், நான் மதுரைக்கு ஆளனுப்பி ஒரு தைலக் குப்பி வாங்கியாறச் சொல்லி, ‘ஒங்க மவன் குடுத்துவிட்டது மாமி, முட்டிக்குத் தேச்சுக்கங்க’ன்னு குடுப்பேன். வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிருவாக. ஒரு குப்பியக்கூடத் தொறந்ததில்ல. அவன் வந்து தேச்சு விடட்டும்னு வரிசையா அலமாரியில அடுக்கி வச்சுருக்காக. அதப் பாக்கவே எனக்குப் பயம்.

— சரி தாயி. நெசத்தச் சொல்றேன், எம் மனசக் கேளுங்க. இஞ்சினியரு இந்தச் செவுத்தப் பாத்துட்டு எங் கையப் புடிச்சுக்கிட்டாரு. கண்ணாடிச் சட்டம் போட்டு மூடி, பக்கத்துல பலகை எழுதி மாட்டப் போறாராம். மந்திரி வந்து தொறக்குற அன்னைக்கு மொதல்ல இதத்தான் காட்டணுமாம். தாழி, பீரங்கிக் குண்டு, பழைய பூட்டு எல்லாம் பெறகுதானாம். மெட்ராஸ்ல மியூசியத்த ‘செத்த காலேஜு’ன்னு சொல்லுவாகளாம். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, அம்புட்டும் செத்த சாமான். இதுல இது ஒண்ணுக்குத்தான் உசுரு இருக்கு. எங்க சின்னையா அடிச்ச அம்புட்டுப் பூச்சுக்கு அடியிலயும் ஒரு செவுராச்சும் வாயத் தொறந்துச்சேன்னு நெனச்சேன்.

— அது வாயத் தொறந்தா எம் மக வாழ்க்கை போச்சு மேஸ்திரி. வத்தலக்குண்டுச் சம்பந்தக்காரக அன்னைக்குக் குடும்பத்தோட மியூசியம் பாக்க வாறாகளாம், எங்கிட்டயே சொன்னாக. பலகையப் படிப்பாக. அத்தாவுக்குக் காசநோவு, அத மறச்சாக, செத்ததையும் மறச்சாக, சின்னத்தா வந்து ‘எங்கண்ணன் பினாங்குலருந்து சம்மதம் சொல்லிவிட்டாரு’ன்னு சபையில பொய் சொன்னாருன்னு எல்லாம் அன்னைக்கே வெளிய வந்துரும். பெறகு எவன் அந்தப் புள்ளயக் கட்டுவான்? மாமி வேற, மியூசியம் தொறந்தா என்னயக் கூட்டிட்டுப் போன்னு நச்சரிக்கிறாக.

— அவுகளுக்குக் கண்ணு தெரியாதுன்னு வாசல்ல சொன்னீகளே?

— ஒரு கண்ணுல பூ விழுந்துருக்கு. ஊரே போகும்போது நாம மட்டும் போகாட்டி எப்படிங்குறாக. இன்னைக்கும் பாருங்க, வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல வண்டியில ஏறி உக்காந்துட்டாக. புளியமரத்து நெழல்ல நிறுத்திட்டு வந்துருக்கேன்.

— நான் ஒண்ணு கேக்கட்டா? ஒங்களுக்கும் ஒரு தடவ கண்ணாரப் பாக்கணும்னு இல்லையா? வந்ததுலருந்து அந்தப் பக்கம் திரும்பாமயே நின்னு பேசுறீக.

— பாத்தா அழிக்க மனசு வராது.

— பாருங்க தாயி. அவரு கை எழுத்து. நான் வேணா வெளிய நிக்கிறேன்.

— வேணாம், இருங்க. பாக்குறேன். அல்லா... இது அவரு ‘ஹி’தான், கடைசியில சுழிச்சு விட்டுருவாரு. கோடு... இதுல ஆரம்பிச்சு, இது, இது. ஏன் மேஸ்திரி, புள்ள இம்புட்டு வளந்துருக்கும், அம்புட்டு வளந்துருக்கும்னு படுத்துக்கிட்டே மனசுல நெனச்சுப் போட்டுருப்பாரு போல.

— நெனச்சுப் போட்டது இல்ல தாயி.

— பெறகு?

— குனிஞ்சு பாருங்க. ஒவ்வொரு கோட்டுக்கும் கீழ எண்ணெய்ப் பிசுக்கு தெரியுதா? புள்ளத் தலை சாஞ்ச எடம். எண்ணெ தேச்சுச் சீவி, செவுத்தோட ஒட்டி நிக்க வச்சுத்தான் கோடு போட்டுருக்கு. நீங்க கூட்டிட்டு வந்தப்ப இருக்கும், மறந்துருப்பீக.

— நான் கூட்டிட்டு வந்ததே இல்ல.

— நல்லா ரோசிச்சுப் பாருங்க.

— என்ன மேஸ்திரி ரோசிக்கிறது! காசநோவு வார்டுக்குள்ள எவளாச்சும் பச்சப்புள்ளயத் தூக்கிட்டு வருவாளா? நானே சந்தைக்குப் போறேன்னு சொல்லிட்டு, சோத்த எடுத்துக்கிட்டு வந்து, அந்த வராந்தாவுல நின்னு குடுத்துட்டுப் போவேன். புள்ளயக் கண்ணுல காட்டுன்னு அவரு ஒரு நாளும் கேட்டதில்ல. கேக்கலியேன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு வருத்தம்கூட.

— கேக்க வேண்டிய அவசியம் இல்லாம இருந்துருக்கும்.

— யாரு கூட்டியாந்தது? கொழுந்தனாரா? அவருக்கு வார்டு வாசல்ல கால வைக்கவே நடுங்கும்.

— இன்னொண்ணும் இருக்கு. சொல்லலாமா வேணாமான்னு பாத்தேன். இந்தா, எல்லாத்துக்கும் மேல உள்ள கோடு. இது மட்டும் பென்சில் இல்ல.

— செவப்பா இருக்கு. ரத்தமா?

— ரத்தம்னா கறுத்துப் போயிருமே. இது வெத்தலைக் கறை. விரல்ல தொட்டு இழுத்துருக்கு. கேட்டீகளா, இந்தச் செவுத்த நான் மொதல்ல சுரண்ட எடுத்ததே இதாலதான். அம்புட்டுப் பூச்சையும் தாண்டி வெளிய செவப்பாத் தெரிஞ்சுச்சு. வெத்தலைக் கறைக்கு மேல சுண்ணாம்ப அடிச்சா அது அடங்காது தாயி, இன்னும் செவக்கும். எங்க சின்னையா எத்தனை தடவ அடிச்சு எத்தனை தடவ வஞ்சாரோ.

— அவரு வெத்தலை போட மாட்டாரே.

— அவரு போட்ட கோடும் இல்ல அது. பென்சில் கோடெல்லாம் வெறும் சிமிட்டி மேல இருக்கு. இந்தச் செவப்பு மட்டும் ஒரு பூச்சு சுண்ணாம்புக்கு மேல இருக்கு. அதனாலதான் அந்த எடத்தச் சுரண்டாம விட்டுருக்கேன். அப்ப கட்டடம் புதுசு, இந்தக் கட்டில்ல மொத ஆளு ஒங்க வீட்டுக்காரருதான். அப்ப அந்த மொதப் பூச்சு...

— அவருக்கு அடிச்சது.

— ஆமா.

— அவரு போனதுக்குப் பெறகு எம் புள்ள இங்க வந்து நின்னுருக்கு. இருங்க மேஸ்திரி, இருங்க. தாஹிரா சின்னதுல ஒண்ணு சொல்லும். தர்காவுல ஒரு மாமா இருக்காரு, கட்டில்ல படுத்துருக்காரு, என்னயச் செவுத்துல நிக்க வச்சு வெளையாடுவாரு, மிட்டாய் குடுப்பாருன்னு. யாரோ பக்கீரு போலன்னு நெனச்சுக்கிட்டு, கண்டவக கையில வாங்கித் திங்காதன்னு ஒரு நாளு வாய்லயே ஒண்ணு போட்டேன். பெறகு சொல்றத நிறுத்திருச்சு.

— தர்காவுக்கு யாரு கூட்டிட்டுப் போவா?

— வெள்ளிக்கிழமை தவறாம ஓதிப் பாக்கணும்னு...

— யாரு தாயி?

— மேஸ்திரி, வெளிய பாருங்க. புளியமரத்தடியில வண்டி நிக்கிதா?

— நிக்கிது. குதிரை நிக்கிது, வண்டிக்காரன் பீடி குடிக்கிறான். உள்ள ஆளு இல்ல.

— எங்க போனாக?

— இருங்க... அந்தா வாராகளே, வெள்ளைத் துப்பட்டி. முன்வாசல் படிக்கு வரலியே, பின்னாடி வளைஞ்சு போறாக. கட்டில் உருட்டிட்டு வாற சாய்வு அங்கதான இருக்கு! மூட்டு வலிக்காரகளுக்கு அதான் தோது. ஆனா அது இருக்குறது வெளி ஆளுக்குத் தெரியாதே. என்னயத் தேடி வாற கூலியாளே முன்வாசல்ல நின்னுதான் கூப்புடுவான்.

— அடிங்க மேஸ்திரி! அல்லாவுக்காக, அடிங்க! இதப் பாத்தா அவுக இங்கயே விழுந்துருவாக!

— அடிக்கிறேன், அடிக்கிறேன். சாந்து பேந்து விழுந்துருச்சுன்னு இஞ்சினியருகிட்டச் சொல்லிக்கிறேன், வஞ்சா வையட்டும். அந்த வாளிய இங்கிட்டுத் தள்ளுங்க. ஆனா தாயி, எனக்கு என்னமோ அவுக விழுவாகன்னு தோணல.

— பேசாம அடிங்க. மாமி! நீங்க எதுக்கு எறங்கி வந்தீக? இங்க ஒரே தூசி, ஒங்களுக்கு எளைக்கும்.

— வண்டியில வெக்கை தாங்கலடி. ஏன் அப்பு, மேஸ்திரி, இந்த ஜன்னலுக்கு நேரா ஒரு இரும்புக் கட்டிலு கெடக்குமே, ஒரு காலு ஆட்டம் குடுக்குமே, அத எங்க தூக்கிப் போட்டீக?

— அது... ஏலத்துல போயிருச்சு ஆத்தா.

— போகட்டும். எம் மவன் அதுக்கு அட்டைய மடிச்சு முட்டுக் குடுத்துருந்தான்.

— மாமி... தெரிஞ்சுக்கிட்டேவா எந் தலையில தெனமும் பூ வச்சு விட்டீக?

— வெறுந்தலையா நின்னா ஊரு ஒன்னயக் கேக்கும்ல? நீ என்னயக் காப்பாத்துறேன்னு தைலம் வாங்கியாந்த. நான் ஒன்னயக் காப்பாத்துறேன்னு பூ வாங்கியாந்தேன். அவன் ரெண்டு பேருகிட்டயும் மத்தவளுக்குத் தெரியக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போயிச் சேந்துட்டான். அழாதடி, வெளிய வண்டிக்காரன் இருக்கான்.

— ஆத்தா, அடிக்கவா, நிறுத்தவா? மட்டை கையில சொட்டுது.

— அடி அப்பு, கெட்டியாவே அடி, எம் பேத்தி நல்லபடியாப் போயிச் சேரட்டும். அவன் போட்டதெல்லாம் மறைஞ்சுரும், மேல செவப்பா நிக்கிதே அது மட்டும் ஒங் கைக்கு அடங்காது. அன்னைக்குப் புள்ளயக் கூட்டிக்கிட்டு வந்து பாக்குறேன், கட்டிலு காலியாக் கெடக்கு, செவுரு ஈரமா இருக்கு, இந்தப் புள்ள பாட்டுக்கு ஓடிப் போயி அதுல முதுக ஒட்டி நின்னுக்கிட்டு ‘மாமா எங்க நன்னி, கோடு போடலியா’ங்குது, வாயில இருந்த வெத்தலைய விரல்ல தொட்டு நான்தான் போட்டு விட்டேன்.